மேஜையைப் பார்த்துச் சேர், கண்ணு

கேள்வி: வணக்கம் மேடம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. நான் எம்.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம் படிக்கிறேன். 2023இல் அட்டோசெகண்ட் என்கிற மிக மிகக் குறுகிய ஒளித்துடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தபோது எங்கள் சார் ஒரு வகுப்பு முழுக்க அதைப் பற்றியே பேசினார். அன்றிலிருந்து லேசர் ஆராய்ச்சிதான் என்று மனதில் விழுந்துவிட்டது. ஆனால் நான் தொட்டுப் பார்த்த ஒரே லேசர், எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் சிவப்பு டையோடு லேசர். கணக்கு நன்றாக வரும். கைவேலை என்றால் பயம், பிராக்டிகலில் கை நடுங்கும். அண்ணன் பி.எட். முடித்து டி.ஆர்.பி. எழுதச் சொல்கிறான். ஜெர்மனியில் படிக்கும் சீனியர் அக்கா, இந்தியாவில் நேரத்தை வீணாக்காதே என்கிறார். அம்மா கேட்பது ஒன்றுதான்: "எப்பத்தான் முடியும் இந்தப் படிப்பு?" நெட் எழுதப்போகிறேன். எங்கே, எந்தத் தலைப்பில் சேர்வது? நிலையான வேலை எப்போது கிடைக்கும்? பெண்ணுக்கு இது சரிப்படுமா?
— பெயர் வேண்டாம், கோத்தகிரி வட்டம்

பதில்:

கண்ணு,

என் மகளைவிடச் சின்னவள் நீ. 'நீங்கள்' போட்டு எழுத வரவில்லை, பொறுத்துக்கொள். நீ கேட்ட கேள்விகளுக்கெல்லாம் யாராவது பதில் சொல்லிவிடுவார்கள். கை நடுங்கும் என்று நடுவில் ஒரு வரி போட்டுவிட்டுப் போயிருக்கிறாயே, நான் அங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் அப்பா ஊட்டி எச்.பி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1960இல் தொடங்கிய கம்பெனி. படச்சுருளும் எக்ஸ்ரே ஃபிலிமும் செய்த இடம். வெளிச்சம் பட்டால் சரக்கு போச்சு என்பதால் உள்ளே பல பகுதிகளில் கும்மிருட்டு. அப்பா அந்த இருட்டில் ஷிஃப்ட் பார்த்தார். புதிதாக வருகிற பையன் முதல் மாதம் எதிலாவது முட்டிக்கொள்வான், டப்பாவைத் தட்டிவிடுவான், அப்புறம் கை தானாகப் போகும் என்பார். வீட்டில் கரண்ட் போனால் நாங்கள் மெழுகுவத்தியைத் தேடித் தடவிக்கொண்டிருப்போம். அவர் எழுந்து போய் எடுத்து வந்துவிடுவார்.

எச்.பி.எஃப். தொடங்கிய அதே 1960இல், மே 16ஆம் தேதி, அமெரிக்காவில் தியோடர் மைமன் முதல் லேசரை எரியவிட்டார். நான் வாழ்நாள் முழுக்க அந்தப் பக்கம் போனேன். ஆனால் செய்தது அப்பாவின் வேலைதான். ஆராய்ச்சியில் அதிகம் புழங்கும் என்.டி. யாக் லேசரின் ஒளி 1064 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது. டைட்டானியம் சஃபையர் லேசர் 800 நானோமீட்டர் பக்கம். மங்கலாக ஒரு சிவப்பு தெரியும். இவ்வளவு மங்கல்தானே என்று அலட்சியமாக இருந்தால் கண் போய்விடும். தெரியாத ஒளியை, தெரியாத பாதையில், முடியளவு துளைக்குள் கொண்டுபோய் விட வேண்டும். தினமும்.

அது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். மேஜைமேல் இரண்டு கண்ணாடி. ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு திருகு: ஒன்று இடம் வலம், ஒன்று மேல் கீழ். கண்ணாடிகளைத் தாண்டி அடுத்தடுத்து இரண்டு ஐரிஸ், அதாவது நடுவில் சின்ன ஓட்டை உள்ள தடுப்பு. முதல் கண்ணாடியைத் திருகி, கிட்டத்து ஐரிஸின் நடுவில் ஒளியை விழவை. இரண்டாவது கண்ணாடியைத் திருகி, தூரத்து ஐரிஸின் நடுவுக்குக் கொண்டு வா. வந்துவிட்டதா? இப்போது கிட்டத்து ஐரிஸைப் பார், அங்கே விலகியிருக்கும். மறுபடி முதல் கண்ணாடி. மறுபடி இரண்டாவது. ஒவ்வொரு சுற்றிலும் பிழை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஆறேழு சுற்றில் இரண்டு ஓட்டையிலும் ஒளி நடுவில் நிற்கும். திசை மாற்றித் திருகினால் பிழை கூடிக்கொண்டே போகும், ஒரு கட்டத்தில் ஒளி எங்கே போனதென்றே தெரியாது. முதல் வாரம் இதில் கண் கலங்காத மாணவரை நான் பார்த்ததில்லை. மூன்றாவது மாதம் அடுத்த மேஜைக்காரனிடம் சினிமா பேசிக்கொண்டே செய்வார்கள். (பேசக் கூடாது. அது வேறு விஷயம்.)

கை நடுங்குவது பிறவிக்குணம் இல்லை என்று சொல்லத்தான் இவ்வளவும். உங்கள் பிராக்டிகலில் ஒரு சோதனைக்கு மூன்று மணி நேரம், தேர்வாளர் தலைமாட்டில் நிற்பார், உடைத்தால் காசு கட்ட வேண்டும். யாருக்குத்தான் நடுங்காது? கணக்கு நன்றாக வருகிறதென்றால் லேசர் இயற்பியலில் கோட்பாட்டு வேலையும் உண்டு, தாராளமாகப் போகலாம். ஆனால் கணக்குப் பிடித்துப் போ. கைக்குப் பயந்து போகாதே.

பயம் உண்மையா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். அந்தச் சிவப்பு டையோடு லேசரைச் சாரிடம் கேட்டு வாங்கு. தலைமுடி ஒன்றை எடுத்து லேசரின் வாய்க்குக் குறுக்காக டேப் போட்டு ஒட்டு. மூன்று மீட்டர் தள்ளி உள்ள சுவரில் ஒளியை விடு. நடுவில் ஒரு பளிச், இரண்டு பக்கமும் விட்டுவிட்டுக் கோடுகள் விழும். நடுப் பளிச்சுக்கு ஒரே பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டு கறுப்பு இடைவெளிகளுக்கு நடுவில் உள்ள தூரத்தை ஸ்கேலால் அள. அலைநீளத்தைச் சுவர் தூரத்தால் பெருக்கி, அளந்த தூரத்தால் வகுத்தால் முடியின் தடிமன். 650 நானோமீட்டர் லேசருக்கு 2.8 செ.மீ. வந்தால் உன் முடி சுமார் 70 மைக்ரான். ஒரு தடவை அளந்து விட்டுவிடாதே, பத்துத் தடவை அள. பத்தும் பத்து மாதிரி வரும். ஏன் என்று யோசிக்க ஆரம்பித்தாய் என்றால் ஆராய்ச்சி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அது சலித்துப்போனால் கல்லூரியில் இருக்கும் மைக்கேல்சன் கருவியை எடு, ஒளியை இரண்டாகப் பிரித்து, கண்ணாடிகளில் திருப்பி, மறுபடி சேர்த்து வளையங்களாகக் காட்டுமே அது. அதை ஒரு கடப்பாக் கல்மேல் வைத்து, கல்லுக்கு அடியில் லேசாகக் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப் ஒன்றைப் போடு. டியூப் இல்லாமலும் வைத்துப் பார். கண்ணாடி அரை அலைநீளம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூவாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலே ஒரு வளையம் ஓடிவிடும். ரோட்டில் பஸ் போனால் வளையங்கள் துடிப்பதைப் பார்ப்பாய். பெரிய ஆய்வகங்களில் கால் டன், அரை டன் எடையுள்ள மேஜைகளைக் காற்றுக் கால்களில் நிறுத்துவது இந்தத் துடிப்பை அடக்கத்தான்.

சரி, எந்தத் தலைப்பில் சேர்வது? இதற்கு நீ எதிர்பார்க்கும் பதில் என்னிடம் இல்லை. தலைப்பைப் பார்த்துச் சேராதே என்பதுதான் என் பதில்.

நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் சாய லேசர்தான் ராஜா. ரோடமைன் 6ஜி என்ற சாயத்தை எத்தனாலில் கரைத்து, அதன்மேல் இன்னொரு லேசரை அடித்தால் ஆரஞ்சு ஒளி வரும். அந்த இன்னொரு லேசரும் விலைக்கு வாங்கியதில்லை. 337 நானோமீட்டர் நைட்ரஜன் லேசரை நாங்களே தகடு வெட்டி, மின்தேக்கி கோத்துச் செய்தோம். சாயக்கறை நகக்கண்ணில் ஏறி வாரக்கணக்கில் போகாது. கல்யாண வீட்டில் மருதாணியா என்று கேட்பார்கள். என் ஆய்வேடு முழுக்க அந்த லேசர்தான். இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் சாய லேசர் ஓரமாகத் தூசி படிந்து கிடக்கிறது. 1982இல் வந்த டைட்டானியம் சஃபையரும், பின்னால் ஃபைபர் லேசரும் அதைத் தள்ளிவிட்டன. நான் எழுதிய ஆய்வேட்டை இன்று யாரும் புரட்டப்போவதில்லை. அதைச் செய்யும்போது பழகிய கை மட்டும் ஓய்வு பெறும் நாள்வரை சோறு போட்டது.

டோனா ஸ்டிரிக்லண்டின் கதையும் உனக்கு உதவும். குறுகிய துடிப்பை அப்படியே பெருக்கினால் உச்சத் திறன் ஏறி, பெருக்கும் படிகமே சேதமாகும். பலமில்லாத பாலத்தில் பத்து லோடு லாரியை ஒரே சமயத்தில் விட்டால் என்ன ஆகும்? இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக அனுப்பி, அக்கரையில் மறுபடி ஒன்றாக நிறுத்திக்கொள்ளலாம் அல்லவா. ஸ்டிரிக்லண்டும் அவர் வழிகாட்டியும் செய்தது அதுதான்: துடிப்பை நேரத்தில் நீட்டி, பெருக்கி, பிறகு சுருக்கினார்கள். நீட்டுவதற்கு 1.4 கி.மீ. ஒளியிழை. ஸ்டிரிக்லண்ட் அப்போது ராசெஸ்டரில் பிஎச்.டி. மாணவி, வழிகாட்டி ஜெரார் மூரூ. 1985இல் வந்த அந்தக் கட்டுரைதான் ஸ்டிரிக்லண்டின் முதல் ஆய்வுக் கட்டுரை. 2018இல் இருவருக்கும் நோபல். பரிசு அறிவித்த அன்று ஸ்டிரிக்லண்ட் இணைப் பேராசிரியர்தான். நீ வகுப்பில் கேட்ட அட்டோசெகண்ட் துடிப்புகளும் இன்று பெரும்பாலும் இந்த முறையில் பெருக்கிய லேசரை வாயுவில் குவித்துத்தான் எடுக்கப்படுகின்றன. 1985இல் அந்த மாணவி 'சூடான தலைப்பு' எது என்று தேடிக்கொண்டு போயிருந்தால் இது நடந்திருக்குமா, சொல்.

ஆகவே தலைப்பை விடு, மேஜையைப் பார். மேஜை என்றால் நீ தினமும் நிற்கப்போகிற அந்த ஒளியியல் மேஜையும், அதைச் சுற்றி நிற்பவர்களும்.

நான் சில காலம் வேலை பார்த்த ஓர் ஆய்வகத்தில் லேசர் விலை கோடிக்கு மேல். மாலை ஆறு மணிக்குப் பராமரிப்பு ஆள் வந்து ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போவார், மின்சாரச் சிக்கனம். ராத்திரி அறையின் சூடு நாலைந்து டிகிரி மாறும். கண்ணாடி தாங்கிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்து சுருங்கும். காலையில் வந்தால் நேற்று ஒழுங்கு செய்தது அத்தனையும் விலகியிருக்கும். மதியம்வரை திருகிச் சரிசெய்து, இரண்டு மணி நேரம் அளவெடுத்தால் மறுபடி ஆறு மணி. இப்படியே எட்டு மாதம் போனது எனக்கு. கடிதம் மேல் கடிதம் எழுதினேன். கடைசியில் கையெழுத்துப் போட்ட அதிகாரி, "ராத்திரி யாரும் இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா ஏ.சி.?" என்று கேட்டார். ஈரப்பதமும் அப்படித்தான். நம் ஊர்ப் புகைப்படக்காரர்களைக் கேள், மழைக்காலத்தில் பீரோவில் வைத்த கேமரா லென்ஸுக்குள் பூசணம் வேர் விட்டிருக்கும். லட்ச ரூபாய் கண்ணாடிக்கும் பூசணம் பாகுபாடு பார்க்காது.

எனவே ஓர் ஆய்வகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனால், பேராசிரியரிடம் இயற்பியல் பேசு. வெளியே டீ குடிக்கும்போது அவருடைய மாணவர்களிடம் மற்றதைக் கேள். ராத்திரி ஏ.சி. ஓடுமா? லேசர் மக்கர் பண்ணினால் மூடியைத் திறப்பது நீங்களா, கம்பெனி இன்ஜினியர் வரும்வரை காத்திருப்பீர்களா? வாரத்தில் எத்தனை மணி நேரம் மேஜை உங்கள் கையில்? இதற்கு முன் முடித்த நாலைந்து பேர் இப்போது எங்கே, எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டால், ஊருக்கு பஸ் ஏறு. எவ்வளவு பெரிய பெயர் உள்ள இடமானாலும்.

இடங்களைச் சொல்கிறேன். இந்தூரில் அணுசக்தித் துறையின் ராஜா ராமண்ணா மையம், லேசருக்கும் துகள் முடுக்கிகளுக்கும் என்று 1984இல் தொடங்கிய இடம். மும்பையிலும் ஹைதராபாத்திலும் டி.ஐ.எஃப்.ஆர். என்ற டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அதிதீவிர லேசரில் பழுத்த கைகள் உண்டு. அகமதாபாத்தில் பி.ஆர்.எல். என்ற இயற்பியல் ஆய்வகம். பெங்களூரில் ஐ.ஐ.எஸ்சி.யும், ராமன் 1948இல் தொடங்கிய ஆய்வு நிறுவனமும். குளிர்ந்த அணுக்கள், குவாண்டம் ஒளியியல் என்றால் ராமன் நிறுவனத்தை மறக்காதே. சென்னை ஐ.ஐ.டி.யும் உண்டு. 2023இல் ரூ. 6,003 கோடிக்கு ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தில் குவாண்டம் தகவல்தொடர்புக்கான மையம் அங்கேதான், லேசர் தெரிந்த கை இல்லாமல் அது நடக்காது. நமக்குப் பக்கத்தில் என்றால் கொச்சி குசாட் பல்கலைக்கழகத்தின் ஃபோட்டானிக்ஸ் பள்ளி. மலையிறங்கி ஒரு ராத்திரிப் பயணம், அம்மாவுக்கும் ஆறுதல். மகாராஷ்டிரத்தில் ஹிங்கோலியில் ஈர்ப்பலைகளைப் பிடிக்கும் லிகோ இந்தியா வருகிறது: நாலு கி.மீ. நீளக் கைகள் கொண்ட, உன் கடப்பாக் கல் மைக்கேல்சனின் பெரியண்ணன். நீ பிஎச்.டி. முடிக்கிற நேரத்தில் அதற்கு ஆள் தேவைப்படும்.

தேர்வுகளை இழுக்க வேண்டாம். நெட்டோடு ஜெஸ்ட், கேட், டி.ஐ.எஃப்.ஆர். தேர்வு நான்கையும் எழுது. பாடம் ஏறத்தாழ ஒன்றே, கேள்வியின் குணம்தான் வேறு. பழைய வினாத்தாள் போதும், கோச்சிங்குக்குக் கோயம்புத்தூரில் ரூம் எடுக்க வேண்டாம். எதிலும் இந்த வருடம் வரவில்லையென்றால் ஒரு லேசர் ஆய்வகத்தில் புராஜெக்ட் அசிஸ்டெண்ட்டாக ஒரு வருடம் சேர்ந்துவிடு. சம்பளம் குறைவு. ஆனால் மேஜை கிடைக்கும், அந்த வாழ்க்கை உனக்கு ஒத்துவருமா என்பதும் ஐந்து வருடம் அடமானம் வைக்காமலே தெரிந்துவிடும். வேலை கேட்டு எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். அவருடைய ஒரு கட்டுரையை உண்மையாகவே படித்து, அதில் உனக்குப் புரியாத ஓர் இடத்தைக் கேள். 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற ஆய்வு' என்று தொடங்கும் கடிதங்கள் எனக்கு வாரம் இருபது வரும். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை.

ஜெர்மனி அக்கா சொல்வதில் பாதி சரி. அங்கே பிஎச்.டி. மாணவர் பெரும்பாலும் ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கும் ஊழியர்; கார்ஹிங்கில் உள்ள மாக்ஸ் பிளாங்க் குவாண்டம் ஒளியியல் நிறுவனம் மாதிரி இடத்தில் இடம் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போ. நானே இரண்டு வருடம் போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சி, செய்த நாட்டைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தியாவில் நேரம் வீண் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே உதிரிப்பாகம் வர மூன்று மாதம் ஆகும் என்பதாலேயே நம் பிள்ளைகள் இருப்பதை வைத்துச் சரிசெய்யக் கற்றுக்கொள்கிறார்கள். அங்கே போனதும் இந்தக் குணத்துக்குத்தான் மதிப்பு. ஒன்றில் மட்டும் கறாராக இரு: கடன் வாங்கி, கட்டணம் கட்டி, ஏஜெண்டு மூலமாக பிஎச்.டி.க்குப் போகாதே. இந்தத் துறையில் நல்ல இடம் எதுவும் மாணவரிடம் காசு கேட்காது, அதுதான் கொடுக்கும்.

காசு என்றதும், உன் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு. நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, விடுதி இல்லையென்றால் வீட்டு வாடகைப் படி தனி. கொழுந்து விலை ஏறி இறங்குகிற வீட்டுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் வரும் சம்பளம் மாதிரி நினைக்காதே. சில சமயம் இரண்டு மூன்று மாதம் சேர்ந்து தாமதமாக வரும். முதல் பணம் வந்ததும் மூன்று மாதச் செலவை எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.

நிலையான வேலை? இப்போது உனக்கு 22 இருக்கும். பிஎச்.டி. ஐந்தாறு வருடம். அப்புறம் போஸ்ட்டாக் இரண்டோ மூன்றோ நாலோ, அநேகமாக இரண்டு ஊரில். முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதுக்கு முன்னால் நிரந்தரப் பணி என்று யாராவது சொன்னால் அவர் உனக்கு எதையோ விற்கிறார். எல்லோருக்கும் பேராசிரியர் வேலை கிடைக்காது, இடங்கள் அவ்வளவு இல்லை. என்னிடம் முடித்தவர்களில் பாதிக்கு மேல் கம்பெனிகளில்தான் இருக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் போனால் 'லேசர் கட்டிங்' போர்டு தெருவுக்கு இரண்டு தொங்கும், அதன் பின்னால் இருப்பதும் லேசர்தான். கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964இல் கண்டுபிடித்தவர் பாராமதியில் பிறந்த குமார் படேல். இன்று உன் போனுக்குள் இருக்கும் நுண்சில்லை அச்சிட ஏ.எஸ்.எம்.எல். என்ற டச்சுக் கம்பெனி செய்யும் எந்திரத்தில், உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஐம்பதாயிரம் தடவை அடிப்பது அந்த வகை லேசர்தான். லேசரைக் கையால் திருகத் தெரிந்தவருக்கு வேலை கிடைக்காமல் போனதை நான் பார்த்ததில்லை. ஆசைப்பட்ட வேலை கிடைக்காமல் போனதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அண்ணனோடு சண்டை போடாதே. அவன் கேட்பது நியாயமான கேள்வி. நெட் தேர்ச்சி கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் தகுதி என்று அவனிடம் சொல், ஜே.ஆர்.எஃப். வரவில்லையென்றாலும் அந்தப் படிப்பு வீண்போகாது. ஆனால் பி.எட்.டையும் இதையும் ஒரே வருடத்தில் தலையில் போட்டுக்கொள்ளாதே. இரண்டும் கோணும்.

பெண்ணுக்குச் சரிப்படுமா என்றாய். லேசர் ஆய்வகத்துக்குள் போகும்போது வளையல், மோதிரம், வாட்ச், வெளியே தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். உலோகத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி யார் கண்ணுக்குப் போகும் என்று சொல்ல முடியாது. இது ஆணுக்கும் உண்டு. என்னோடு வேலை பார்த்த ஒருவர், கீழே விழுந்த திருகாணியை எடுக்கப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் குனிந்தார். கண் மேஜை மட்டத்துக்கு வந்த அந்த ஒரு நொடி, 1064 நானோமீட்டர் லேசரின் ஒரே ஒரு துடிப்பு. "பட்" என்று உள்ளே ஏதோ கேட்டதாகச் சொன்னார். அவர் பார்வையின் நடுவில் ஒரு கரும்புள்ளி இன்றுவரை இருக்கிறது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டால் 'ஒளி சரியாகத் தெரியாது' என்று கழற்றச் சொல்லும் சீனியர் எந்த ஆய்வகத்திலும் உண்டு. அங்கே மட்டும் மரியாதை பார்க்காதே.

வேலையில் பெண் ஆண் கிடையாது. காலண்டரில் உண்டு. போஸ்ட்டாக் வருகிற வயதும் வீட்டில் கல்யாணம் பேசுகிற வயதும் ஒன்று. நான் ஒன்றரை வயது மகளை ஊட்டியில் அம்மாவிடம் விட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்துக்கு அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு வருவார். அவள் போனைப் பார்த்து எதுவும் பேசமாட்டாள், மூச்சு மட்டும் கேட்கும். திரும்பி வந்தபோது என்னை 'ஆன்ட்டி' என்றாள். செய்தது சரியா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை, உன்னையும் அப்படிச் செய் என்று சொல்ல மாட்டேன். இன்று சில விஷயங்கள் பரவாயில்லை. இடையில் நின்றுபோன பெண் விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்கென்று அறிவியல் தொழில்நுட்பத் துறை வைஸ் கிரண் என்ற திட்டமே வைத்திருக்கிறது. ஆனாலும் சேரப்போகிற ஆய்வகத்தில் முடித்த பெண் ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பேசிவிடு. ராத்திரி பதினொரு மணிக்கு ஆய்வகத்திலிருந்து விடுதிக்கு எப்படிப் போவீர்கள் என்று கேள். அந்தப் பதிலிலேயே மற்றதும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. கோத்தகிரியில் இருந்துகொண்டு முத்தொரையைப் பார்க்காமல் மலையிறங்காதே. சாரிடம் சொல்லி முன் அனுமதி கேட்டுப் போங்கள். 1970இல் கட்டிய ரேடியோ டெலஸ்கோப், 530 மீட்டர் நீளம். அந்த மலைச்சரிவின் கோணம் அங்கத்து அட்சரேகைக்குச் சமம், சுமார் 11 டிகிரி. அதனால் டெலஸ்கோப்பின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் சுற்றினாலே வானத்தில் நகரும் பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். சரிவைத் தேடிக் கண்டுபிடித்துச் செலவை மிச்சம் பண்ணியிருக்கிறார்கள். அது லேசர் இல்லைதான். ஆனால் கருவி செய்கிறவர் எப்படி யோசிப்பார் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் நம் மாவட்டத்தில் இல்லை.

அம்மாவின் கேள்விக்கு நீயே பதில் சொல்ல வேண்டாம். ஒரு நாள் வீட்டில் விளக்கை அணைத்த அறைக்குள் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் முடி ஒன்றையும் லேசருக்குக் குறுக்கே ஒட்டு. சுவரில் கோடுகள் விழும்போது அவரையே ஸ்கேலைப் பிடிக்கச் சொல். உன் முடிக்கும் அவர் முடிக்கும் என்ன தடிமன் வந்தது, பத்து அளவும் எவ்வளவு தள்ளித் தள்ளி வந்தன என்று எனக்கு எழுது. இருபது மைக்ரானுக்குக் கீழே வந்தால் எழுதாதே. சுவர் தூரத்தைத் தப்பாக அளந்திருப்பாய், மறுபடி டேப்பை எடு.